இரண்டே முக்கால் வோல்ட்

விடியக்காலை மூன்றே கால்.
சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில்
கடைக்குள்ளேயே படுத்திருந்தவனை
போனில் எழுப்பினான் எல்லப்பன்.
"ஆஸ்பத்திரி வாசல்லயே நின்னுச்சுபா வண்டி.
அஞ்சு மணி ரயிலு, காட்பாடி போவணும்.
புது பேட்டரி ஒண்ணு தூக்கினு வா."

தூக்கவில்லை.
மீட்டர், பத்தாம் நம்பர் ஸ்பானர், ஒரு கிளாம்பு,
ஆப்பசோடா கரைத்த தண்ணீர் பாட்டில்.
மொபெட்டை மிதித்தேன்.
அக்கினி நட்சத்திரம் பதினோராம் நாள்;
பகலில் குடித்த சூட்டை
மலைப் பாறைகள் இன்னும் ஊர்மேல் கக்கிக்கொண்டிருந்தன.

இண்டிகாவின் பின்சீட்டில் ஒரு அம்மாள்,
மார்புத் தையல்மேல் தலையணையை அணைத்தபடி.
வெளியே அவள் கணவர்.
மால்டாவோ மிட்னாப்பூரோ,
கேட்டாலும் பதில் புரியாது, கேட்கவில்லை.

பானெட்டுக்குள்
பாசிட்டிவ் முனையில் பூத்திருந்தது
பச்சையும் வெள்ளையுமாய்ப் பொடி,
சுண்ணாம்புக் கலயத்தின் விளிம்பு மாதிரி.
பேட்டரி பன்னிரண்டு புள்ளி ஆறு. அதில் குறையில்லை.
"சாவியைத் திருப்பு."
டக். அவ்வளவுதான்.

மீட்டரின் ஒரு ஊசி ஈய முனையின் நெற்றியில்,
மற்றது அதைக் கட்டிப்பிடித்திருக்கும் கிளாம்பின்மேல்.
ஒட்டிக்கொண்டிருக்கிற இரண்டு பொருள்.
நடுவில் ஒன்றுமே காட்டக் கூடாது.
"இன்னொரு தரம்."
டக்.
இரண்டே முக்கால் வோல்ட்.

"இதோட மூணாவது பேட்டரிபா," என்றான் எல்லப்பன்.
"நம்ம ராசி அப்டி."

டார்ச்சை அந்த மனிதர் வாங்கிக்கொண்டார்.
என் கை நிழல் விழாத கோணம்
அவருக்குத் தெரிந்திருந்தது.
எத்தனையோ பேருக்கு வெளிச்சம் பிடித்த கை,
அல்லது
அவருக்கு யாரும் ஒழுங்காகப் பிடித்ததே இல்லை.

நெகட்டிவை முதலில் கழற்றினேன்.
தலையசைத்தார்.
பிறகு பாசிட்டிவ். முறுக்கி இழுத்ததும்
கிளாம்பின் வயிற்றிலிருந்து விழுந்தது
ஒரு ஆணி.

அரை அங்குலம், தட்டைத் தலை.
முனை ஒல்லி, கிளாம்பு அகலம் என்று
எவனோ இடுக்கில் சொருகி இறுக்கியிருக்கிறான்.
"எந்தக் கம்மனாட்டி..." ஆரம்பித்தான் எல்லப்பன்.

ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில்
குதிகாலுக்கு அடிக்கிற ஆணி அது.
அங்கேதான் பூங்காவனம் வேலைக்குப் போகிறாள்.
டிபன் மூடியில் அவள் கொண்டுவந்து கொட்டியதில்
இன்னும் ஒரு பிடி என் பெட்டியில் கிடக்கிறது.

தை மாதம், மயிலார் அன்று,
கடை மூடுகிற நேரம்.
இரண்டாவது பேட்டரியை நான்தான் விற்றேன்.
ஹாரனை அடித்துக்கொண்டே நின்றான்.
தற்காலிகம்தான் என்று சொன்னேன்,
எனக்கு மட்டும்.
பழையதைக் காயலான் விலைக்கு எடுத்துக்கொண்டேன்.
அதிலும் உயிர் இருந்திருக்கும்.

ஆணியைச் சட்டைப் பைக்குள் போட்டபோது
டார்ச் ஒரு கணம் என் பையைப் பார்த்துவிட்டு
மறுபடி முனைக்குத் திரும்பியது.

சோடாத் தண்ணீர் ஊற்றினேன், நுரைத்தது.
துடைத்தேன். உப்புத்தாள் போட்டேன்.
ஈயம் மங்கல் வெள்ளியாகும் வரை.
கேபிளைச் செம்பு சிவக்கும் இடம்வரை வெட்டி
புதுக் கிளாம்பில் ஒரு இழை வெளியே நீட்டாமல் நுழைத்தேன்.
அவர் கீழே பாடியில் எர்த் போல்ட்டைக் காட்டினார்.
"லூஸ்," என்றார்.
எங்கள் இருவருக்கும் தெரிந்த ஒரே வார்த்தை.
தன் வீட்டுச் சாவியால் அங்கே பெயின்ட்டை
அவரே சுரண்டினார்.

பாசிட்டிவ் முதலில். நெகட்டிவ் கடைசி.
கையால் திருகிப் பார்த்தேன், அசையவில்லை.
மேலே விரல் நுனியளவு கிரீஸ்.

அரைச் சுற்றில் எடுத்தது வண்டி.
முனைக்கும் கிளாம்புக்கும் நடுவே
புள்ளி பூஜ்யம் நான்கு.

"எவ்ளோபா?"
"வேணாம், போ."
"அச்சா ஆத்மி," என்றான் அவரிடம்
தன் காட்பாடி இந்தியில், என்னைக் காட்டி.

அவர் பதில் சொல்லவில்லை.
பானெட்டை அடித்து மூடாமல்
இரண்டு உள்ளங்கையாலும் அழுத்தி மூடினார்,
உள்ளே இருக்கிற தையல் அதிராமல்.

மொபெட்டை மிதித்தேன்.
மூன்றாம் மிதியில்தான் எடுத்தது.